அருவங்காட்டில் பிறந்தவர் அளந்த 32 நட்சத்திரங்கள்

உதகை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நட்சத்திரங்களிலேயே அதிகச் சூடானவை எவை, அந்தச் சூட்டைப் பூமியில் இருந்துகொண்டே எப்படி அளக்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். இதில் நம் நீலகிரிக்கு ஒரு தொடர்பு உண்டு. அது குன்னூர்க்காரர்கள் பல பேருக்கே தெரியாது என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

நம் சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். திருவாதிரை 3,500 பக்கம், அதனால்தான் சிவந்து தெரிகிறது. சித்திரை நட்சத்திரம் 25,000 வரை போகும். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் நிறமாலைக் கோடுகளை வைத்து நட்சத்திரங்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்; முன்னால் நிற்கும் ஓ, பி இரண்டும்தான் ரொம்பச் சூடானவை. ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை இப்படி வகை பிரித்தார், அந்தப் பட்டியல் 1918 முதல் 1924 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இந்தக் கோடுகளுக்கும் வெப்பநிலைக்கும் என்ன உறவு என்பதை 1920இல் கணக்காகப் போட்டுக் காட்டியவர் நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா.

சரி, வகை தெரிந்துவிட்டது, நிறமும் தெரிகிறது, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டமே அங்கேதான். 20,000 கெல்வின் நட்சத்திரமும் 40,000 கெல்வின் நட்சத்திரமும் நம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே நீலவெள்ளைதான், ஏனென்றால் அவற்றின் ஒளியில் பெரும்பங்கு புற ஊதாவில் போய்விடுகிறது, நாம் பார்ப்பது அதன் வால்பகுதியை மட்டும். அந்தப் புற ஊதாவையும் நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஓ வகை நட்சத்திரங்கள் மிக அரிது, அதனால் பெரும்பாலும் ரொம்பத் தொலைவில், பால்வெளியின் தூசிக்கு நடுவில் இருக்கின்றன, தூசி நீலத்தைக் குறைத்து நிறத்தையே மாற்றிக் காட்டும். நிறத்தை நம்பி இவற்றின் வெப்பநிலையைச் சொல்ல முடியாது.

நேர்வழி ஒன்று இருக்கிறது. ஒரு நட்சத்திரத்திலிருந்து நமக்கு வந்து சேரும் மொத்த ஒளி எவ்வளவு, வானத்தில் அதன் வட்டம் எவ்வளவு அகலம், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரும் வெளியிடும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது, ஆகவே வெப்பநிலை கணக்கில் வந்து விழுந்துவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவே வேண்டாம். ஆனால் அந்த அகலத்தை யார் அளப்பது? பெரிய தொலைநோக்கியிலும் நட்சத்திரம் வெறும் புள்ளிதானே.

அளந்தவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். 1916 ஆகஸ்ட் 31 அன்று நம் அருவங்காட்டில், கார்டைட் ஃபேக்டரி இருக்கிற அதே அருவங்காட்டில், ஒரு ராணுவ அதிகாரிக்கு மகனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ரேடார் பொறியாளர். ரிச்சர்ட் ட்விஸ் என்ற கணித வல்லுநரோடு சேர்ந்து இவர் கண்டுபிடித்த வழி இதுதான்: இரண்டு கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து ஒரே நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், இரண்டிலும் விழும் ஒளி கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதை ஒப்பிட வேண்டும். கண்ணாடிகள் அருகருகே இருக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் ஒத்துப்போகும், விலக்க விலக்க ஒற்றுமை குறையும். எவ்வளவு தூரத்தில் குறைகிறது என்பதிலிருந்து நட்சத்திரத்தின் அகலம் கிடைத்துவிடும். இது நடக்கவே நடக்காது என்று பல இயற்பியலாளர்கள் வாதாடினார்கள், சோதித்துப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றுகூட எழுதினார்கள். நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் 1956இல் இவர்கள் பக்கம் நின்றார். அதே ஆண்டு பழைய சர்ச்லைட் கண்ணாடிகள் இரண்டை வைத்துக்கொண்டு, இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸின் அகலத்தை அளந்து காட்டிவிட்டார்கள்.

அப்புறம் ஆஸ்திரேலியாவின் நர்ராப்ரையில் பெரிய கருவி எழுந்தது. 188 மீட்டர் விட்டமுள்ள வட்டமான ரயில் தண்டவாளம், அதில் ஓடும் இரண்டு வண்டிகள், ஒவ்வொன்றின் மேலும் 6.5 மீட்டர் அகலத்தில் சுமார் இருநூற்றைம்பது அறுகோணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்த ஒரு தட்டு. நட்சத்திரம் வானத்தில் நகர நகர வண்டிகளும் தண்டவாளத்தில் நகரும். காற்று எவ்வளவு அலைந்தாலும் அளவு கெடாது, கண்ணாடி அவ்வளவு துல்லியமாக இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கூசும் அளவுக்குப் பிரகாசமான மேற்பரப்பு வேண்டும், அது சூடான நட்சத்திரங்களுக்குத்தான் இருக்கிறது. மங்கலானவற்றைக் கருவியால் அளக்க முடியாது, அளக்கக்கூடியவற்றுக்கும் ஒவ்வொன்றுக்கும் பல இரவுகள் போகும். எல்லாம் முடிந்து 1974இல் பட்டியல் வந்தபோது அதில் இருந்தவை 32 நட்சத்திரங்கள்.

அதில் வானத்தில் மிகச் சிறிய அகலத்தோடு தெரிவது சீட்டா பப்பிஸ் என்ற நட்சத்திரம், ஓ வகை. மார்ச் மாதம் நடுவில், இரவு 9 மணிக்கு, தெற்கே மலை மறைக்காத இடத்தில் நில்லுங்கள், பிரகாசமான அகத்தியர் நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் சற்று மேலே தெரியும். நம் சூரியனைவிடச் சில லட்சம் மடங்கு ஒளி வீசுகிறது, அதிலிருந்து கிளம்பும் வாயுக்காற்று நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. நர்ராப்ரையில் அளந்த அதன் அகலம் ஒரு வில்நொடியில் பத்தாயிரத்தில் நாலு பங்கு. ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வில்நொடி. நம் உதகை சேரிங் கிராஸில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நர்ராப்ரையில் இருந்து பார்த்தால் அதுகூட இதைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்.

இந்த அகலங்களோடு, 1968இல் ஏவப்பட்ட ஓஏஓ-2 செயற்கைக்கோள் வளிமண்டலத்துக்கு மேலே இருந்து அளந்த புற ஊதாவையும் சேர்த்து 1976இல் வெப்பநிலைகளை வெளியிட்டார்கள். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் உள்ள பட்டியல்கள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு இந்த 32தான் பெரிது, ஏனென்றால் நிறமாலையைப் படித்து, மாதிரிக் கணக்குப் போட்டு மற்ற சூடான நட்சத்திரங்களுக்குச் சொல்லும் வெப்பநிலைகளைச் சரிபார்க்க இப்படி நேராக அளந்த எண்கள்தான் வேண்டும்.

இந்த முறை இப்போது மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. காமா கதிர் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் நிறுவிய வெரிட்டாஸ் தொலைநோக்கிகளை வைத்து 2020இல் இரண்டு பி வகை நட்சத்திரங்களை அளந்தார்கள், அதில் ஒன்று ஓரியன் இடுப்புப் பட்டையின் நடு நட்சத்திரம். ஹான்பரி பிரவுன் 2002இல் காலமானார். 1985இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மாநாடு புது டெல்லியில் கூடியபோது அதன் தலைவர் இவர்தான். மலை ரயில் நிற்கும் அருவங்காடு ஸ்டேஷனில் அவர் பெயரும், பிறந்த வருஷமும், அளந்த நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் எழுதிய ஒரு பலகை இருக்க வேண்டும், அதைக் கேட்டு எழுத உங்களில் யாராவது என்னோடு சேர்ந்தால் சந்தோஷப்படுவேன்.