பாக்கெட்டில் ரிவால்வர், இடுப்பில் வேட்டி: இரண்டும் ஒத்துப்போகுமா?

(திரையில்: மேசை மீது ஒரு வெற்று பாக்கெட் உறை. துப்பாக்கி இல்லை.)

2024 அக்டோபர் 1 அன்று விடியற்காலையில், மும்பையில், இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் ஒரு தோட்டா பாய்ந்தது. சுட்டவர் எந்தத் தாதாவும் அல்லர். அவருடைய சொந்த, உரிமம் பெற்ற ரிவால்வரே கை தவறி விழுந்து வெடித்தது என்பதுதான் அன்று வெளிவந்த செய்தி. வீட்டுக்குள் ஒரு நொடி கை நழுவியதற்கே இந்தக் கதி என்றால், அதே ரிவால்வரைத் தொடைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில், கால்சட்டைப் பாக்கெட்டில் நாள் முழுவதும் சுமந்து திரிவது புத்திசாலித்தனமா? கன்னியாகுமரி மாவட்டத்தில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காகவும், அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இதெல்லாம் நமக்கும் சரிப்படும் என்று எண்ணுபவர்களுக்காகவும் இந்தக் காணொளி. பாதியில் வேட்டியைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வருகிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

சட்டப் பின்னணியை விரைவாகக் கடந்துவிடுவோம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் மாவட்ட ஆட்சியர். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகளே வைத்திருக்க முடியும். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். 9 எம்எம் தோட்டா சுடும் துப்பாக்கி பொதுமக்களுக்குக் கிடையாது. பெரும்பாலோர் கையில் இருப்பது .32 அங்குலத் தோட்டா ரகம்தான். இதில் நமக்கு முக்கியமானது 2016 ஆயுத விதிகள் சொல்லும் ஒரு செய்தி: பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ அதைப் போன்ற பையிலோ, முழுவதும் மூடிய நிலையில், தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பெல்ட்டில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு திருமண மண்டபத்துக்குள் நுழைவது வீரமன்று, விதிமீறல்.

(திரையில்: உறைக்குள் விரலை விட்டு, விசை மூடப்படும் இடத்தைக் காட்டுதல்.)

பாக்கெட் உறை என்பது என்ன? உள்ளங்கை அளவுக்குச் சற்றுப் பெரிய, தோலாலோ தடித்த துணியாலோ வார்ப்பு பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு கூடு. அதன் முதல் வேலை, விசையை முழுவதுமாக மூடுவது. சாவிக்கொத்தின் வளையமோ பேனாவின் கொக்கியோ விசைக்குள் புகுந்து அழுத்திவிடாமல் தடுப்பது. இரண்டாவது, துப்பாக்கியைப் பாக்கெட்டுக்குள் எப்போதும் நிமிர்ந்த நிலையில் நிறுத்துவது. உறை இல்லாவிட்டால் நான்கு எட்டு வைப்பதற்குள் அது குப்புறக் கவிழ்ந்துவிடும், அவசரத்தில் கையை விடுபவருக்குப் பிடிக்குப் பதிலாகக் குழல்தான் அகப்படும். மூன்றாவது, துப்பாக்கியின் வடிவம் துணி வழியே புடைத்துத் தெரியாமல் மறைப்பது. நல்ல உறையின் வெளிப்புறம் சொரசொரப்பாகவோ ஒட்டும் தன்மையுடனோ இருக்கும், அல்லது ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கும். துப்பாக்கியை உருவும்போது உறை பாக்கெட்டுக்குள்ளேயே தங்க வேண்டும் என்பதற்காக. உறையோடு சேர்ந்து வெளியே வரும் துப்பாக்கியைக் கண்டு எந்தத் திருடனும் பயப்படப் போவதில்லை, சிரித்துவிட்டுப் போவான்.

நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் வழிகளில், எதிரில் நிற்பவருக்கு ஐயம் எழாமல் கையை முன்கூட்டியே பிடியில் வைத்துக்கொள்ள இடம்கொடுப்பது பாக்கெட்தான். பாக்கெட்டில் கைவிட்டு நிற்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெல்ட் தேவையில்லை, மேலே கோட்டு தேவையில்லை, நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது பெரிய சலுகை. இதற்கென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், பின்னால் துருத்திக்கொண்டு பாக்கெட் துணியில் மாட்டும் ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) முழுவதும் உடலுக்குள் மூடிய ‘சென்டெனியல்’ ரிவால்வரை 1952-இலேயே கொண்டுவந்தது.

எடைக்கு வருவோம். அமெரிக்கக் காணொளிகளில் பாக்கெட்டுக்குள் மாயமாக மறையும் ரூகர் எல்சிபி போன்ற பிஸ்டல், தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம்தான். 2023-இல் கான்பூரில் அறிமுகமான ‘பிரபல்’ ரிவால்வரோ சுமார் 700 கிராம். உரித்த தேங்காய் ஒன்றை உங்கள் கால்சட்டையின் வலப்பக்கப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வடசேரி பேருந்து நிலையத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்; மேற்கொண்டு நான் விளக்க வேண்டியிருக்காது. 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தப்பட்ட ‘நிர்பீக்’, டைட்டானியக் கலவையால் 500 கிராமுக்கு இறங்கியது. விலையோ ஒரு லட்சத்தைத் தாண்டியது. பெண்களின் உடையில் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று அதை வடிவமைத்தவர்கள் யாரையாவது கேட்டார்களா என்பது என் நெடுநாளைய ஐயம். ‘நிடர்’ என்னும் .22 ரிவால்வர் ஏறத்தாழ 250 கிராம். பாக்கெட்டுக்கு ஏற்றது அதுதான், ஆனால் தோட்டாவின் வலுவும் அதற்கேற்பக் குறைவு. அளவு சிறுத்தால் பிடி சிறுக்கும், குறிபார்க்க உதவும் முன்முள்ளுக்கும் பின்முள்ளுக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கும், கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். சிறிய துப்பாக்கியில் சரியாகச் சுடுவதற்குத்தான் கூடுதல் பயிற்சி வேண்டும்.

(திரையில்: நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பு, வேட்டி கட்டியவர்கள் நடந்து செல்லும் காட்சி.)

இனி வேட்டி. பாக்கெட் உறையைப் பற்றிப் பேசும் அனைவரும் பாக்கெட் என்ற ஒன்று இருப்பதாகவே தொடங்குகிறார்கள். நம் மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவரும், தேங்காய் மொத்த வியாபாரியும், குளச்சல் ஏலக்கூடத்தில் மீன் எடுப்பவரும் அன்றாடம் கட்டுவது வேட்டி. வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது. சட்டையின் மேல் பாக்கெட்டில் வைத்தால், கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனியும்போது ரிவால்வரும் சில்லறையோடு சேர்ந்துகொள்ளும். மிச்சம் இருப்பது உள்ளே போடும் பட்டாபட்டி அண்ட்ராயரின் பாக்கெட் ஒன்றுதான்.

அந்தப் பாக்கெட்டைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆழமானது, அகலமானது, வெளியிலிருந்து ஒரு துளியும் தெரியாதது. மறைப்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் உலகின் எந்த உறையும் அதன் அருகில் வர முடியாது. சிக்கல் எடுப்பதில் இருக்கிறது. வேட்டியின் ஓரத்தைப் பிடித்து விலக்க வேண்டும், பாக்கெட்டின் வாயைத் தேட வேண்டும், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பணக்கட்டையும் பொடிமட்டையையும் தாண்ட வேண்டும், பிறகு உருவ வேண்டும். இத்தனைக்கும் நாடா தாங்க வேண்டும். முழங்கால் வரை மடித்துக் கட்டியிருந்தால் கை எளிதாகப் போகும் என்பது உண்மை. ஆனால் எதிரே ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டால் மடித்துக் கட்டியதை அவிழ்த்து விடுவதுதான் இங்கே மரியாதை. ஆகவே மரியாதை தெரிந்தவனுக்குத் தற்காப்பு இரண்டு வினாடி தாமதம்.

அகலமான பச்சை பெல்ட்டின் மீது இடுப்பு உறையை மாட்டிச் சட்டையால் மூடிக்கொள்வது, வேட்டிக்காரர்களுக்குப் பாக்கெட்டைவிட எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. அதற்கும் ஓர் இடையூறு உண்டு. சுசீந்திரத்திலும் குமரி அம்மன் சன்னிதியிலும் திருவட்டாறு ஆதிகேசவர் கோயிலிலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். சட்டை போனதும் உறை பளிச்சென்று வெளியே நிற்கும். விதி கேட்கும் மறைப்பும் அதோடு போய்விடும். சரி, காரில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால், பூட்டிய கார் என்பது கண்ணாடியை உடைப்பவனுக்குத் துப்பாக்கிக் கடை. கோயிலுக்குப் போகும் நாளில் அது வீட்டுப் பெட்டகத்தில் கிடப்பதுதான் சரி.

கால்சட்டைக்காரர்களே, சிரிக்க வேண்டாம். உட்கார்ந்தவுடன் உங்கள் பாக்கெட்டின் வாய் இடுப்பு மடிப்பில் சிக்கி மூடிக்கொள்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இருசக்கர வாகனத்திலோ, இருக்கைப் பட்டை போட்ட காரிலோ இருந்து உருவுவது ஏறக்குறைய நடவாத காரியம். உருவியதைத் திருப்பி வைப்பதும் அப்படித்தான்: உறையை முதலில் வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியைச் செலுத்திய பின்னரே இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் இறக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும், ஒரு ரூபாய் நாணயம்கூட, இருக்கக் கூடாது.

துருவைப் பற்றிச் சுருக்கமாக. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உப்புக்காற்றும் ஒன்றாக வாய்த்த மாவட்டம் இது. தோல் உறை வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். வார்ப்பு பிளாஸ்டிக் உறையே இங்கு நல்லது, பாக்கெட் பஞ்சையும் தூசியையும் வாரந்தோறும் துடைத்தாக வேண்டும்.

(திரையில்: களியக்காவிளை எல்லைப் பலகை.)

கடைசியாக, பலரும் பார்க்க மறக்கும் ஒன்று. உங்கள் உரிமத்தில் அது செல்லுபடியாகும் நிலப்பரப்பு எழுதப்பட்டிருக்கும். அது தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் சாயா குடிக்க வண்டியை நிறுத்தும்போதே நீங்கள் குற்றவாளி. திருவனந்தபுரத்தில் மருத்துவமனை, விமான நிலையம், உறவினர் வீட்டுத் திருமணம் என்று வாரம் ஒருமுறை எல்லை கடக்கும் நமக்கு இது நடக்கவே நடக்காத கற்பனை அன்று. 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரெஸ், நியூயார்க் கேளிக்கை விடுதி ஒன்றில், உறையில்லாமல் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் நழுவ, அதைப் பிடிக்கப்போய்த் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். தோட்டாக் காயம் ஆறிவிட்டது. அவரைச் சிறைக்கு அனுப்பியது, நியூயார்க்கில் செல்லத்தக்க உரிமம் அவரிடம் இல்லாததுதான்.

ஆகவே இந்தக் காணொளியை நிறுத்திவிட்டு, உரிமப் புத்தகத்தில் நிலப்பரப்பு எழுதப்பட்டுள்ள பக்கத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். கேரளமும் தேவை என்றால் அதற்குரிய விண்ணப்பத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். வேட்டியோடு பாக்கெட் உறையைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். எழுதினால் போதும், துப்பாக்கியையோ பட்டாபட்டியையோ படம் எடுத்துப் போட வேண்டாம்.