பையன்களின் காயம்

பேரவைத் தலைவர் ஐயா அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, முட்டிவலியோடு மாடிப்படி ஏறி வந்து என்னை வாழ்த்திய புலவர் ஐயா அவர்களே, நாற்காலி அடுக்கி ஒலிபெருக்கி கட்டிய வாசகர் வட்டத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். தேர்வு வேலைகளுக்கு நடுவே தலைமையாசிரியர் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு, கடைசியில் வைக்கிறேன்.

'சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்' என்று எங்கள் அப்பத்தா சொல்லும். மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையில் 'பாய்ஸ் லவ்' என்றொரு வகை இருக்கிறது. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலை, பெரும்பாலும் பெண்களே வரைந்து, பெண்களே படித்து வளர்த்தது. அதன் இருட்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: காயம், குற்ற உணர்வு, காதல் என்ற பெயரில் நடக்கும் ஆதிக்கம்.

முதலில் காயம். கெய்கோ தகேமியா என்ற மங்கா ஓவியர் மனதில் ஒரு கதை இருந்தது. பிரான்சில் ஓர் உறைவிடப் பள்ளி, ஜில்பேர், செர்ஜ் என்று இரு மாணவர்கள். சிறுமியர் இதழில் இதையா போடுவது என்று பதிப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் மறுத்தார்கள். அவர் விடவில்லை. எகிப்துக் கதையொன்றை வரைந்து வாசகர்களைச் சம்பாதித்துக்கொண்டு, 1976இல் 'கஸே தோ கி நோ உத்தா'வைத் தொடங்கினார். 1984 வரை வந்தது. ஜில்பேரைக் கெட்ட பையன் என்கிறது பள்ளிக்கூடம். வளர்த்தவனே அவனைச் சிதைத்தது யாருக்குத் தெரியும்?

மோட்டோ ஹாகியோ என்ற இன்னொரு மங்கா ஓவியர் இன்னும் ஆழம் போனார். 1992 முதல் 2001 வரை, 17 தொகுதிகள், 'ஸான்கொகு நா காமி கா ஷிஹாய் சுரு' என்ற மங்கா. மாற்றாந்தந்தை சீரழிக்கும் ஜெரமி, அம்மாவின் வாழ்க்கை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொள்கிறான். சொன்னால் வெட்கம்! கடைசியில் அந்த ஆளைக் கொல்ல அவன் காரைக் கெடுத்து வைக்கிறான், அம்மாவும் சேர்ந்து சாகிறாள். கதை அதோடு முடியவில்லை. உடைந்தவன் எழுந்து நிற்கப் படும் பாடுதான் மிச்சமெல்லாம். ஹாகியோவின் பெருமை அங்கேதான் இருக்கிறது. 1997இல் தெசுகா ஒசாமு பண்பாட்டு விருது முதன்முறை வழங்கப்பட்டபோது இந்தப் படைப்புக்கும் விருது கிடைத்தது.

போன வருடம் ஓர் ஊரில் இதைப் பேசிவிட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. "அண்ணே, அந்தப் பையன் பேரு என்ன சொன்னீங்க?" என்றார். "ஜெரமி" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீயை அவர் குடிக்கவில்லை, மேலே ஆடை படிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்து ஒன்று போனது. இன்னொன்றும் போனது. "ஏழாங்கிளாஸ் படிக்கறப்பண்ணே. ஊர்ல பெரிய மனுசன் ஒருத்தரு" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வெகுநேரம் கழித்து, "வீட்டுல அவளுக்கே தெரியாது. ஆம்பளப் புள்ள, இதப் போயி யாருகிட்டச் சொல்ல?" என்றார். பேருந்து வந்ததும் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, மறுபடியும் அந்தப் பெயரைக் கேட்டார். இரைச்சலில் கத்திச் சொன்னேன், "ஜெரமி!"

அவையோரே, அவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றிய அரசின் 2007 ஆய்வில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காடு பையன்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிராக 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் காக்கிறது, ஆண் பெண் பேதமில்லை. நாம்தான் இன்னும் 'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்கிறோம். அழுதால் துக்கம்!

வன்முறையைக் காதலாக மினுக்கிக் காட்டும் மங்காக்களும் உண்டு, அவற்றை நான் ஏற்கவில்லை. மற்ற இரண்டு செய்திகளையும் விரித்துச் சொல்ல நேரம் போதாது, தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

தலைமையாசிரியர் அம்மா, உங்கள் பள்ளியில் மாணவிகள் வகுப்பு வாசலில் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098 என்று எழுதியிருக்கிறது, பார்த்தேன். பையன்கள் சைக்கிள் விடும் சுவரிலும் அதை எழுத அனுமதி கொடுங்கள். கீழே, 'தம்பி, நீயும் கூப்பிடலாம்' என்று ஒரு வரி. பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன். வட்டத்துத் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதிவிடுவார்கள்.