கடைசி அத்தியாயத்திலிருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

உலகை ஆண்ட பெருந்தலைவர்களைப் பற்றியும் அவர்கள் விட்டுச்சென்றதைப் பற்றியும் பேசுங்கள் என்று அழைத்தார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பதினைந்து நிமிடம் என்றார்கள். அலெக்சாண்டர் ஒருவரே அதைத் தின்றுவிடுவார். ஆகவே எனக்குப் பழக்கமான குறுக்கு வழியில் போகிறேன். தலைவர்களின் வரலாற்றை நான் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் படிப்பேன். முதலில் சாவு. அடுத்து, மறுநாள் காலையில் யார் யார் என்ன செய்தார்கள் என்பது. நேரம் மிஞ்சினால் பிறப்பு, வளர்ப்பு, போர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். இப்படித் தலைகீழாகப் படிப்பது அபசகுனம் என்று உடன் வேலை செய்த ஆசிரியை ஒருவர் சொல்வார். ஆனால் நான் காசிமேட்டில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சாவு வீட்டில்தான் முழுதாகத் தெரியவரும். பந்தலுக்குப் பணம் கொடுத்தது யார், பீரோச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டது யார், வாய் திறக்காமல் நின்றுவிட்டுப் போன கடன்காரர் யார் என்பதெல்லாம் அன்றைக்கு ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

சீனத்தின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கதையை அதனால்தான் ஆண்டுதோறும் முதல் வாரத்திலேயே நடத்திவிடுவேன். பாடத்திட்டத்தில் அப்போது அது வராது, இருந்தாலும் நடத்துவேன். கி.மு. 221-இல் ஆறு நாடுகளை வென்று ஒன்றாக்கியவர். எழுத்து, எடை, நாணயம், வண்டியின் அச்சு அகலம் வரை நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்று ஆக்கியவர். தன்னை 'முதல்' பேரரசர் என்றே அழைத்துக்கொண்டார். அடுத்தவர் இரண்டாமவர், அதற்கடுத்தவர் மூன்றாமவர், இப்படியே பத்தாயிரம் தலைமுறை வரை எண்ணிக்கொண்டு போகலாம் என்று ஆணையிட்டார். இவ்வளவும் செய்தவருக்குச் சாவென்றால் நடுக்கம். கீழைக் கடலில் உள்ள தீவுகளில் சாவா மருந்து இருக்கிறது என்று மந்திரவாதிகள் சொன்னதை நம்பிப் பணத்தைக் கொட்டினார். மருந்தோடு திரும்பாத ஒருவர், "பெரிய மீன் வழி மறிக்கிறது" என்று காரணம் சொன்னார். எங்கள் துறைமுகத்தில் வெறும் வலையோடு திரும்புகிறவர்கள்கூட இதைவிட நல்ல காரணமாகச் சொல்வார்கள். பேரரசரோ நம்பினார். தானே வில்லை எடுத்துக்கொண்டு கடலோரமாகப் போய் ஒரு பெரிய மீனை எய்தும் கொன்றார்.

அந்தப் பயணத்திலேயே, கி.மு. 210 கோடையில், தலைநகரை விட்டு வெகுதூரத்தில் இறந்துபோனார்.

உடன் இருந்தவர்கள் முக்கியமாக மூன்று பேர். முதலமைச்சர் லி ஸி, அரண்மனை அதிகாரி ஜாவ் காவ், இளைய மகன் ஹூ ஹாய். மூத்த மகன் வட எல்லையில் படையோடு இருந்தான். செய்தி வெளியே போனால் அவனுக்குத்தான் அரியணை. எனவே சாவை மறைத்தார்கள். திரை போட்ட வண்டியில் உடலை வைத்து, வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பினார்கள். அதிகாரிகள் வழக்கம்போல வண்டி முன்னால் நின்று வணங்கி அறிக்கை படித்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பணியாள் அரசர் பெயரால் சம்மதம் சொன்னான். மூத்தவன் தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு போலி ஆணையும் பறந்தது. அவன் அப்பாவின் சொல் என்று நம்பி அப்படியே செய்தான். கோடை வெயிலில் உடல் நாறத் தொடங்கியது. வாடையை மறைக்கக் கூடவே வண்டியில் உப்பிட்ட மீனை ஏற்றினார்கள். கருவாடு, நேயர்களே. பத்தாயிரம் தலைமுறைக்குத் திட்டம் போட்டவர் கருவாட்டு வண்டித் துணையோடு ஊர் வந்து சேர்ந்தார்.

என் அம்மா கருவாடு விற்றவர். கல்லூரியில் இந்தக் கதையைக் கேட்ட அன்றே ஓடிவந்து அவரிடம் சொன்னேன். நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு நிமிர்ந்து, "நல்லாக் காய்ந்த கருவாட்டுக்கு அந்த வாடை வராதே. பச்சை வாடை போகாத சரக்கை அவர்கள் தலையில் எவனோ கட்டியிருக்கிறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மீனை அப்புறம் என்ன செய்தார்கள்? விற்றுவிட்டார்களா?" என்று கேட்டார். எந்த வரலாற்றாசிரியரும் கேட்காத கேள்வி. எனக்கு இன்றுவரை அதை நினைத்தால் வயிற்றைப் புரட்டும்.

நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வம்சம் முடிந்தது. லி ஸியை ஜாவ் காவே கொல்ல வைத்தான். ஹூ ஹாய் தற்கொலைக்குத் தள்ளப்பட்டான். ஜாவ் காவையும் கொன்றார்கள். அளவைகளை ஒன்றாக்கிய வேலை மட்டும் அடுத்த வம்சத்துக்குச் சீதனமாகப் போய்ச் சேர்ந்தது.

அலெக்சாண்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்தார், வயது 33 நிரம்பவில்லை. ஊர்வலமாகப் போன உடலைத் தளபதி தாலமி வழிமறித்து எகிப்துக்குக் கொண்டுபோனார். உடல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் உரிமை இருக்கிறது என்பது கணக்கு. இன்று அந்தக் கல்லறை எங்கே என்றே தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயிலில் 1677 அக்டோபரில் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிட, அதே ஆண்டு மே மாதம் புனித ஜார்ஜ் கோட்டைக் குறிப்பேட்டில் பதிவான ஒரு சிறு செய்திதான் பிடிக்கும். தென்னாட்டுக்குப் படையோடு வந்த சிவாஜி, கோட்டை வெள்ளையர்களுக்கு ஆளனுப்பி ஒன்று கேட்டார். பீரங்கி கேட்கவில்லை. நெஞ்சுக்கு வலுவூட்டும் மருந்துக் கற்களும் விஷமுறிவும் கேட்டார். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் கோரோசனை கேட்பதைப் போல வைத்துக்கொள்ளுங்களேன். விலை கொடுப்பதாகவும் எழுதியிருந்தார். இந்தச் சின்னப் பொருளுக்குக் காசு வாங்குவதா என்று கும்பெனியார் அதைத் தோட்டத்துப் பழங்களோடு அன்பளிப்பாகவே அனுப்பினார்கள். தூது வந்தவருக்குத் துணியும் சந்தனமும் கொடுத்தார்கள். கணக்குப் பிள்ளைகள் நடத்திய வியாபாரக் கோட்டை அது. எவரை எப்போது குளிர்விப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

செஞ்சியையும் வேலூரையும் வளைத்தவர் தன் சாப்பாட்டுத் தட்டைக் கண்டு அஞ்சியிருக்கிறார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். மூன்று ஆண்டுகள் கழித்து, 1680 ஏப்ரல் 3 அன்று, ராய்கட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று பாருங்கள். பன்ஹாலாக் கோட்டையில் இருந்த மூத்த மகன் சம்பாஜிக்குச் செய்தியை மறைத்தார்கள். இளைய மகன், பத்து வயது ராஜாராமுக்கு முடிசூட்டினார்கள். சீனத்துக் கதையேதான், கருவாடு மட்டும் இல்லை. ஆனால் சம்பாஜி போலி ஆணைக்குப் பணிகிற பிள்ளை அல்லர். படையைத் தன் பக்கம் திருப்பி அரியணையைப் பிடித்தார்.

அசோகரின் கடைசி அத்தியாயத்தைப் பௌத்தக் கதைகள் வேறு மாதிரி சொல்கின்றன. மூப்பில் எல்லாவற்றையும் சங்கத்துக்குத் தானம் செய்துகொண்டே இருந்தாராம். கருவூலம் காலியாகிவிடும் என்று பயந்த அமைச்சர்கள் பொருளைத் தடுத்தார்கள். உணவு வந்த பொன் தட்டையும் கொடுத்தார். பிறகு வெள்ளித் தட்டில் கொடுத்தார்கள், அதையும் கொடுத்தார். கடைசியில் கையில் எஞ்சியது அரை நெல்லிக்காய். அதையும் மடத்துக்கு அனுப்பினார். துறவிகள் அதைக் கஞ்சியில் போட்டு எல்லோருமாகக் குடித்தார்கள்.

இதில் நமக்கு ஓர் ஒட்டுறவு உண்டு. அசோகரின் கல்வெட்டில் தெற்கு எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகச் சோழர், பாண்டியரோடு 'சதியபுத்திரர்' என்று ஒரு பெயர் வருகிறது. யார் அது என்று வெகுகாலம் சர்ச்சை. திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் கிடைத்த, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' என்று முடிச்சை அவிழ்த்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் குடி! சாவா மருந்துக்காகக் கடலை அம்பால் எய்தவர் ஒருவர். கைக்கு வந்த நெடுவாழ்வுக் கனியைத் தான் தின்னாமல் பாடுகிற அம்மைக்குக் கொடுத்தவர் ஒருவர். அரை நெல்லிக்காயைக் கஞ்சிக்கு அனுப்பியவர் ஒருவர். அந்த அசோகரின் எழுத்தை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துச் சொல்லும்வரை, தூண்களுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இராயபுரத்து அறிஞர் அண்ணா பூங்கா எங்கள் தலைமுறைக்கு ராபின்சன் பூங்காதான். 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். அதில் பேசிய அண்ணா 1967-இல் முதலமைச்சரானார். அவர் தீர்மானம் கொண்டுவந்த 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று அவர் இறந்தார். அந்தப் பெயருக்குள் அவர் வாழ்ந்தது மூன்று வாரம்கூட இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அண்ணாவைப் பார்க்க அப்பா முதல் நாளே நடந்து கிளம்பிவிட்டார். உலகிலேயே மிகப் பெரிய இறுதி ஊர்வலக் கூட்டம் என்று பின்னாளில் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கூட்டம் அது. மறுநாள் இரவு திரும்பியபோது அவர் தோளில் துண்டு இல்லை. நெரிசலில் போய்விட்டது. துண்டில்லாத அப்பாவை நான் அதற்கு முன் வெளியே பார்த்ததில்லை. அம்மா சோறு போட்டார். அவர் தட்டை நகர்த்திவிட்டு, "யாரும் யாரையும் தள்ளவில்லை. எல்லோரும் தள்ளப்பட்டோம்" என்றார். அவ்வளவுதான். பிப்ரவரி 10 அன்று கலைஞர் முதலமைச்சராகப் பதவியேற்றார். அதற்குள் அப்பா புதுத் துண்டு வாங்கியிருந்தார், கட்சிக் கரை போட்டது.

கடைசியாக, பதவியை வேண்டாம் என்று சொன்ன ஒருவர். பிட்டி தியாகராயர் வண்ணாரப்பேட்டைக்காரர், தறி வைத்து நெசவு நடத்தியவர். நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1920 தேர்தலில் கட்சி வென்றதும் ஆளுநர் அவரைத்தான் ஆட்சி அமைக்க அழைத்தார். அவர் மறுத்து, சுப்பராயலு ரெட்டியாரை முதலமைச்சராக்கினார். அதே 1920-இல் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி போட ஏற்பாடு செய்தார். தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. காமராசரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் சத்துணவு, இப்போதைய காலைச் சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் அந்த ஓரணா மூத்தது. 1925-இல் இறந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர் பெயரை ஊரின் மறுகோடியில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய புது நகருக்கு வைத்தார்கள்; தியாகராய நகர், சுருக்கமாகத் தி.நகர். எங்களுக்குக் கல்லூரி ஒன்று கிடைத்தது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, எட்டாம் வகுப்புத் தேர்வில் 'சர் பிட்டி தியாகராயர் யார்?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டேன். சத்துணவு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதிய ஒரு பையன் விடை இது: 'தி.நகரில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர்.' சிவப்பு மையால் அடிக்கப் போனவள் நிறுத்தினேன். மனிதர் நெசவுக்காரர்தானே. அரை மதிப்பெண் போட்டேன்.