ஸ்டாக்ஹோமின் எக்ஸ்1 புறநகர் ரயில்

நேயர்களுக்கு வணக்கம். 1967-இல் ஸ்வீடன் தலைநகரின் புறநகர்த் தடத்தில் ஓடத் தொடங்கி, 2011-இல் ஓய்வு பெற்ற எக்ஸ்1 மின்ரயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். 1975 வரை 104 ரயில்கள் கட்டப்பட்டன. இரண்டு பெட்டிகள் சேர்ந்தது ஒரு ரயில். ஒன்றில் மோட்டார்கள் உண்டு, மற்றதில் இல்லை. ஓட்டுநர் அறை இரு முனையிலும் இருக்கும். கூட்ட நேரத்தில் இப்படிப் பல ரயில்களைக் கோத்து ஓட்டுவார்கள்.

உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர்தான். ஆனால் புறநகர் ரயிலை அதை வைத்து எடைபோடக் கூடாது. சில நிமிடத்துக்கொருமுறை நின்று, குலுங்காமல் கிளம்ப வேண்டும். அதுதான் அதன் வேலை. பழைய மின்வண்டிகளில் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் உதறல், நிற்கிறவர் கம்பியைத் தேடுவார். எக்ஸ்1-இல் அந்த வேலையைத் தைரிஸ்டர் செய்தது. வேண்டிய நொடியில் திறந்து மின்சாரத்தை விடும் குறைகடத்திச் சுவிட்சு அது.

ஸ்வீடன் மேல்கம்பியில் வருவது 15,000 வோல்ட் மாறுமின்சாரம், வினாடிக்கு 16⅔ சுற்று. அதாவது ஓர் அரைச்சுற்றுக்கு 30 மில்லிநொடி. தைரிஸ்டரை 25-ஆவது மில்லிநொடியில் திறந்தால் மோட்டாருக்குச் சின்னத் துணுக்கு மின்சாரம்தான் போகும். திறப்பை முன்னே நகர்த்த நகர்த்த இழுவை வழுக்கிக்கொண்டு ஏறும். அழகான ஏற்பாடு! ஆனால் விலை உண்டு. இப்படி நறுக்கப்பட்ட மின்சார அலை, உபரி அதிர்வுகளைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். சிக்னல் சுற்றுகளும் பாதையோரத் தொலைபேசிக் கம்பிகளும் அதனால் குழம்பக்கூடும்.

பாதிச் சக்கர அச்சுகளில் மட்டும் மோட்டார் இருந்தது இதன் பலவீனம். இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் நசுங்கிய இலை, சோப்பு தேய்த்ததுபோல் ஆகிவிடும். கிளம்பும்போது மோட்டார் சக்கரங்கள் சுழன்றும் வண்டி நகராது. பனிக்காலத் தொல்லை வேறு வகை. மோட்டாருக்குக் காற்றோட்டம் கொடுத்தே ஆக வேண்டும். மாவுபோன்ற பனித்தூள் அந்தக் காற்றோடு உள்ளே போய் உருகினால், ஈரமும் கார்பன் தூளும் சேர்ந்து மின்காப்பைக் கெடுக்கும்.

பிரேக் பிடிக்கையில் சக்கரம் உருளாமல் வழுக்கினால், தண்டவாளத்தைத் தொட்ட இடம் தேய்ந்து தட்டையாகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று அடிக்கும். உரசலில் பழுக்கச் சூடேறி உடனே குளிர்ந்த இரும்பு உடையும் அளவுக்குக் கடினமாகிவிடுவதால், நாளடைவில் சில்லுகளாகப் பெயரும். பணிமனையில் கடைசல் இயந்திரத்தில் கடைந்துதான் சரிசெய்ய முடியும். தட்டையான ஒன்றை மட்டும் கடைந்துவிட்டுப் போக முடியாது. அச்சின் இரு சக்கரங்களும் ஒரே விட்டத்துக்கு வர வேண்டும். மோட்டார் வண்டியில் மற்ற அச்சுகளையும் ஒத்துப்பார்க்க வேண்டும். விட்டம் மாறினால் இணையாக இணைத்த மோட்டார்களில் ஒன்று கூடுதல் சுமையை இழுத்துச் சூடேறும்.