எம்ஆர்2-இல் எரிந்த என்ஜின் விளக்கு: கோட் 22 சொல்வதும் சொல்லாததும்

[காட்சி: திருகோணமலைக்கு அருகே உப்புவெளி. தகரக் கொட்டகையின் கீழ் ஒரு வெள்ளைக் கார். கடல் இரைச்சல் கேட்கிறது.]

வணக்கம். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 1991ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட டொயோட்டா எம்ஆர்2. இருவர் மட்டுமே அமரக்கூடிய, இருக்கைகளுக்குப் பின்னால் என்ஜின் வைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். இந்த வகையின் முதல் தலைமுறை 1984இல் ஜப்பானில் வெளிவந்தது. 1989இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது இது. உரிமையாளர் எங்கள் அயலவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளில் இலங்கையில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரையும் போலவே அவரும் இதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வருகிறார்.

கடந்த மாரி முடிந்த கையோடு, மீற்றர்ப் பலகையில் செம்மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரியத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் பிடித்தது; பிடித்த பிறகும் என்ஜின் தாழ்ந்து தாழ்ந்து அணைந்தது. பகலில் சில நாட்களில் விளக்கு தானாகவே அணைந்து, கார் ஒன்றும் நடவாதது போல ஓடியது.

[காட்சி: மீற்றர்ப் பலகை, அண்மையில்.]

விளக்குகளின் நிறத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எண்ணெய்க் குப்பி வடிவிலான சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள், ஏனெனில் எண்ணெய் அழுத்தம் இல்லாத என்ஜின் சிறிது நேரத்திலேயே தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். நாம் இன்று பேசுவது செம்மஞ்சள் விளக்கைப் பற்றி மட்டுமே. திறப்பைத் திருப்பியதும், என்ஜின் இயங்குவதற்கு முன்பே, இந்த விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவில்லை என்றால், கோளாறு இல்லை என்று மகிழ வேண்டாம்; பல்ப் போயிருக்கலாம், அல்லது காரை உங்களுக்கு விற்றவர் அதைக் கழற்றி வைத்திருக்கலாம்.

இந்தக் காருக்கு, கைபேசியுடன் இணைத்துப் பார்க்கும் மலிவான ஸ்கேனர் பயன்படாது. அவை, காரின் கணினி தன் கோளாறுகளைத் தெரிவிக்கும் ஓபிடி-2 என்ற முறைக்கானவை. அமெரிக்காவிலேயே அது 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் கட்டாயமானது. 1991ஆம் ஆண்டு எம்ஆர்2 அதைவிட எளிமையான மொழியில் பேசுகிறது. ஒரு துண்டு வயர் இருந்தால் போதும், விளக்கே கண்சிமிட்டிச் சொல்லிவிடும்.

[காட்சி: என்ஜின் மூடி திறக்கப்படுகிறது. சிறிய கறுப்புப் பெட்டியின் மூடியை விரல் நெம்புகிறது.]

என்ஜின் அறையில் இருக்கும் இந்தச் சிறு பெட்டிதான் சோதனை இணைப்பான். மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு துளையின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. இவற்றில் டிஈ1, ஈ1 என்ற இரண்டையும் வயரால் இணைக்க வேண்டும். இதே பெட்டியில் மின்சாரம் வரும் +பி என்ற மின்முனையும் இருப்பதால், துளையை மாற்றிக் குத்தி அதை எர்த்தான ஈ1உடன் இணைத்துவிட்டால் பியூஸ் எரியும். எனவே வெளிச்சம் போதாத இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஏசியும் பிற மின்சாதனங்களும் அணைந்திருக்கட்டும், அக்சிலரேற்றரில் கால் படக் கூடாது. பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் திருப்புங்கள்.

கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றால், விளக்கு ஒரு நொடிக்கு இரண்டு முறை வீதம் இடைவிடாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இப்போது நம் விளக்கைப் பாருங்கள். இரண்டு சிமிட்டல்கள். ஒன்றரை நொடி அமைதி. மீண்டும் இரண்டு சிமிட்டல்கள். நாலரை நொடி நீண்ட அமைதி, பிறகு அதுவே திரும்புகிறது. முதல் எண்ணிக்கை பத்துகள், இரண்டாவது ஒன்றுகள். ஆக, என்ஜின் கணினி பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண், அதாவது கோட், 22. ஒன்றுக்கு மேற்பட்ட கோட்கள் இருந்தால் அவற்றுக்கு இடையில் இரண்டரை நொடி விட்டு, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு வரிசையாக வரும். தாளும் பேனையும் வைத்துக்கொண்டு மூன்று சுற்று எழுதிப் பாருங்கள். முதல் சுற்றில் நானும் பலமுறை எண்ணைத் தவறவிட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்து டொயோட்டாக்களில் 22 என்றால் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம், அதன் வெப்பநிலை சென்சர் என்று பட்டியல்களில் போட்டிருக்கும். எங்கள் ஆசிரியரும் அப்படியொரு பட்டியலைப் பார்த்துவிட்டு, கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்து ஒரு சென்சரை எடுப்பித்திருந்தார். "தம்பி, இதை மாட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடும்தானே?" என்று கேட்டார். "பொறுங்கள் சேர், முதலில் அளந்து பார்ப்போம்" என்றேன்.

நான் அவசரப்படாததற்குக் காரணம் உண்டு. 22 என்பது சென்சரின் பெயர் அன்று. அந்தச் சென்சர் இருக்கும் சுற்றின் பெயர். என்ஜின் கணினிக்கு சென்சர் தெரியாது. ஒரு வயரில் வந்து சேரும் மின்னழுத்தம் மட்டுமே தெரியும். அந்த மின்னழுத்தம் நம்பமுடியாத அளவுக்கு ஏறினாலோ இறங்கினாலோ கணினி கோட் ஒன்றைப் பதிந்து விளக்கை எரியவிடுகிறது. கூலன்ட் 80 பாகை செல்சியஸில் இருப்பதாகத் தானாகவே வைத்துக்கொண்டு காரை ஓட்டுகிறது. காலையில் குளிர்ந்திருக்கும் என்ஜினுக்குச் சற்றுக் கூடுதலாகப் பெற்றோல் வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே சூடாக இருப்பதாகக் கணினி நம்புவதால் போதிய பெற்றோல் கிடைப்பதில்லை. ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததன் காரணம் இதுதான். ஓடிச் சூடானதும் கணினியின் ஊகமும் உண்மையும் ஒன்றாகிவிட, கார் ஒழுங்காகிவிடுகிறது.

மீற்றர்ப் பலகையின் வெப்பமானி முள் சரியாகத்தானே நின்றது என்று ஆசிரியர் கேட்டார், நல்ல கேள்வி. அந்த முள்ளுக்குத் தகவல் அனுப்புவது வேறொரு சென்சர். அதற்கு ஒரே வயர். கணினிக்கான சென்சருக்கு இரண்டு வயர்கள். முள் சரியாக நிற்பது கணினியின் சென்சரைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

[காட்சி: மல்டிமீற்றர். சென்சரின் இரு ஊசிகளில் அதன் முனைகள்.]

காலை ஏழு மணி. முதல் நாள் மாலையிலிருந்து என்ஜின் இயங்கவில்லை. வயரைச் சென்சருடன் இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு, சென்சரின் இரு ஊசிகளுக்கும் இடையிலான தடையை அளக்கிறோம். சூடு ஏற ஏறத் தடை குறையும் வகையைச் சேர்ந்தது இது. 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 40 பாகையில் ஏறத்தாழ 0.9 முதல் 1.3, 80 பாகையில் 0.2 முதல் 0.4 வரை காட்ட வேண்டும். மீற்றர் காட்டுவது 1.7 கிலோ ஓம். திருகோணமலையின் காலை வெப்பத்துக்கு இது பொருந்திய அளவுதான். என்ஜினை 80 பாகைவரை சூடாக்கி அளந்தபோது 0.3 வந்தது. பக்கத்திலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எதில் சூடு கூட, எதில் குறைவு என்று ஊற்றிப் பார்த்துச் சொல்பவரைப் போல, இந்தப் பழைய சென்சர் தன் வேலையைத் துல்லியமாகவே செய்துகொண்டிருக்கிறது.

அடுத்தது வயர். திறப்பைத் திருப்பி, கழற்றிய கப்ளரின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால், கணினி அனுப்பும் ஏறத்தாழ 5 வோல்ற் இருக்க வேண்டும். இருந்தது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டிஜிட்டல் மீற்றர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுப்பதால், ஒரேயொரு இழை மட்டும் மிஞ்சி அரித்துப்போன வயரிலும் அது 5 வோல்ற்றையே காட்டும். சென்சரை மாட்டி உண்மையான மின்னோட்டம் ஓடத் தொடங்கும்போதுதான் அந்த வயர் கைவிடும். ஆகவே மின்னழுத்தத்தோடு நிற்காமல், பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு வயரின் தடையையும் அளந்தோம். இந்த மாடலில் கணினி பின்பெட்டியின் முன்சுவரில், விரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கணெக்டரைக் கழற்றி, ஒரு முனையை அங்கும் மறு முனையைக் கப்ளரிலும் வைத்தால், ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். வந்தது. ஆனால் கப்ளருக்கு நான்கு விரற்கடை முன்னால் வயரை மெதுவாக வளைத்ததும், எண் நூறுகளுக்கும் ஆயிரங்களுக்கும் தாவி, இடையிடையே இணைப்பே இல்லை என்று காட்டியது.

[காட்சி: கத்தி நுனி வயரின் உறையைக் கீறுகிறது. மிக அண்மையில்.]

உறை வெளியே புதிதுபோல் இருந்தது. உள்ளே செப்பு இல்லை. பச்சைத் தூள்தான் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் ஈரமான விபூதிபோல ஒட்டிக்கொண்டது. மூன்று நான்கு இழைகள் மட்டும் கறுத்துப்போய் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன.

இந்த ஊரின் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பில்லை. கச்சான் காற்று நிலத்திலிருந்து வறண்டு வீசுகிறது. வாடை கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. ஊரின் பெயரே உப்புவெளி. கப்ளரின் ரப்பர் உறை காய்ந்து வெடித்த இடத்தால் அந்த ஈரம் உள்ளே நுழைந்து, இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிச் செல்கிறது. அதனால்தான் அரிப்பு ஊசியில் நிற்காமல் உறைக்குள் வெகுதூரம் போயிருந்தது. உள்நாட்டு ஊரில் ஓடிய கார் என்றால் நானும் முதலில் சென்சரைத்தான் சந்தேகித்திருப்பேன்.

செப்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போனோம்; பன்னிரண்டு சென்றிமீற்றர் போயிற்று. அதே தடிப்புள்ள புதிய வயரை ஈயம் வைத்து இணைத்து, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். இன்சுலேஷன் ரேப் மட்டும் சுற்றினால் அடுத்த வாடைக்குள் இதே வேலை மீண்டும் வரும்.

கோட்கள் கூட்டமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். 22உடன், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைக்கான 24, திறொட்டில் சென்சருக்கான 41 ஆகியவையும் சேர்ந்து வந்தால், மூன்று சென்சர்களும் ஒரே நாளில் செத்துவிட்டதாக நம்பாதீர்கள். அவை மூன்றும் ஈ2 என்ற ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன; முதலில் அதைத் தேடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் கொரோலாவுக்கு ஒரு கராஜில் மூன்று சென்சர்களையும் மாற்றி, மூன்றுக்கும் பணம் வாங்கி, விளக்கு எரிந்தபடியே காரைத் திருப்பித் தந்தார்கள். ஈ2 வயரின் முனை கழன்றிருந்ததை வீட்டில் பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். இந்தச் சோதனைகளை எல்லாம் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்தக் கோபத்தில்தான்.

[காட்சி: பியூஸ் பெட்டி.]

வயரைச் சீர்செய்த பிறகும் கோட் நினைவகத்தில் இருக்கும். திறப்பை அணைத்து, ஈஎஃப்ஐ என்று குறிக்கப்பட்ட 15 அம்பியர் பியூஸை அரை நிமிடம் கழற்றி மாட்டினால் அழிந்துவிடும். அழித்த பிறகு என்ஜின் சிறிது நேரம் ஏற்ற இறக்கத்தோடு இயங்கலாம். கணினி தான் கற்றுவைத்த திருத்தங்களையும் சேர்த்து மறந்துவிட்டதே காரணம். கோட் வந்த அதே சூழலில் ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. இந்தக் காருக்கு அந்தச் சூழல் குளிர்ந்த என்ஜினோடு காலையில் ஸ்டார்ட் செய்வது என்பதால், ஓர் இரவு காத்திருந்தோம்.

[காட்சி: மறுநாள் காலை. ஆசிரியர் சாரதி இருக்கையில்.]

திறப்பைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, முதல் சுழற்சியிலேயே என்ஜின் பிடித்தது, விளக்கு அணைந்தது. நிலாவெளிவரை போய்த் திரும்பி, டிஈ1ஐயும் ஈ1ஐயும் மீண்டும் இணைத்தோம். ஒரு நொடிக்கு இரண்டு முறை, இடைவிடாத சிமிட்டல். கொழும்பிலிருந்து வந்த சென்சரை ஆசிரியர் பொதி பிரிக்காமலே முன்னறைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.