எடைக்கு எடை யார் பெரியவர்?

வணக்கம் நேயர்களே.

2024 ஆகஸ்ட் 7 காலை உங்களுக்கு நினைவிருக்கும். பாரிஸ் ஒலிம்பிக். வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டிக்கு முன் எடை எந்திரத்தில் ஏறினார். 100 கிராம் கூடுதல். தங்கத்துக்கு மோதியிருக்க வேண்டியவர் வெள்ளிகூட இல்லாமல் திரும்பினார். நூறு கிராம் என்பது கடைக்காரர் கை தவறிக் கூடுதலாகப் போட்டாலும் நாம் கவனிக்காத அளவு. சண்டை விளையாட்டில் அது ஒருவருடைய வாழ்நாள் உழைப்பைத் தின்றுவிடும்.

எடை இவ்வளவு பெரிய விஷயம் என்றால், வேறு வேறு எடையில் சண்டை போட்டவர்களை எப்படி ஒப்பிடுவது? எம்.எம்.ஏ. என்று சொல்கிறோமே, குத்து, உதை, மல்யுத்தம், மூட்டையோ கழுத்தையோ வளைத்துப் பணிய வைக்கும் பூட்டு எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை, அதன் ரசிகர்கள் ஓயாமல் போடும் வழக்கு இதுதான். 57 கிலோ ஆள் பெரியவரா, 93 கிலோ ஆள் பெரியவரா? 'எடைக்கு எடை' என்ற இந்தக் கணக்கு குத்துச்சண்டையிலிருந்து வந்தது. அங்கே சுகர் ரே ராபின்சன் பெயரோடு ஒட்டிக்கொண்ட பேச்சு இது. எல்லாரையும் ஒரே எடைக்குச் சுருக்கினால், அல்லது ஊதினால், யார் ஜெயிப்பார் என்பதே கேள்வி. நிஜத்தில் நடக்க முடியாத சண்டை என்பதால்தான் வழக்கு முடிவதேயில்லை.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. 1993 நவம்பர் 12, அமெரிக்காவில் டென்வர் நகரம். எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் அமைப்பான யு.எஃப்.சி.யின் முதல் போட்டியில் எடைப்பிரிவு என்ற பேச்சே இல்லை. பிரேசிலின் ராய்ஸ் கிரேசி, ஏறத்தாழ 80 கிலோ, பார்த்தால் ஒல்லி, ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரர், கிரேசியைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனமானவர், கிரேசியின் மேல் கால் மணி நேரம் பாறையாகக் கிடந்தார். கீழே கிடந்தவர் பொறுமையாக இரண்டு காலையும் தூக்கி, மேலே இருப்பவரின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து வளைத்து இறுக்கினார். செவர்ன் தட்டிவிட்டார். தட்டிவிடுவது என்றால் 'போதும், விடு' என்று கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது.

அதைப் பார்த்துவிட்டு எடை ஒன்றுமில்லை, வித்தைதான் எல்லாம் என்று சொன்னவர்கள் உண்டு. அது அரைகுறைப் பாடம். மற்றவனுக்கு அந்த வித்தை தெரியாதவரைதான் எடை ஒன்றுமில்லை. பெரிய உடம்புக்காரனும் அதே பூட்டுகளைக் கற்றுக்கொண்டதும் எடை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. 1997இல் இரண்டு பிரிவு வந்தது. 2000இல் நியூ ஜெர்சி மாநிலம் வகுத்த விதிகளிலிருந்து இன்றைய பிரிவுகள் வளர்ந்தன. ஆண்களில் ஃப்ளைவெயிட் 125 பவுண்டு, அதாவது 56.7 கிலோ. லைட்வெயிட் 155, வெல்டர்வெயிட் 170, மிடில்வெயிட் 185, லைட் ஹெவிவெயிட் 205. ஹெவிவெயிட் 265 வரை போகும். நடுவில் இருக்கும் மற்றதை விடுங்கள்.

இந்தப் படிகள் ஒரே உயரத்தில் இல்லை. 125இலிருந்து அடுத்த படி 135, நூற்றுக்கு 8 கூடுதல். 205இலிருந்து அடுத்த உச்சவரம்பு 265, நூற்றுக்கு 29 கூடுதல். ஒருவர் 'ஒரு பிரிவு மேலே போய் ஜெயித்தார்' என்று சொன்னால், எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு என்று கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

இன்னொரு பக்கம் எடைமேடையில் காட்டும் எண். அது சண்டை போடும் எடை அல்ல. பட்டச் சண்டை என்றால் கூடுதலாக ஒரு கிராமும் கிடையாது; சாதாரணச் சண்டைக்கு ஒரு பவுண்டு சலுகை உண்டு. ஆனால் எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள் காலையில். மல்யுத்தத்தில் எடை பார்த்த சிறிது நேரத்திலேயே களம். இங்கே ஒரு முழுப் பகலும் ஒரு இரவும் அதற்கு மேலும் கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் சூது: எடை பார்க்கும்வரை உடம்பைக் குறைத்து, பிறகு ஏற்றிக்கொள்வது.

எப்படிக் குறைக்கிறார்கள்? முதல் சில வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, அது நமக்கும் தெரிந்ததுதான். கடைசி வாரத்தில் அரிசி, ரொட்டி போன்ற மாவுப் பொருளைக் குறைப்பார்கள். தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அது கரைந்தால் தண்ணீரும் போகும். உப்பையும் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு தந்திரம்: நாலைந்து நாள் தினமும் ஏழெட்டு லிட்டர் தண்ணீர் குடிப்பார்கள். உடம்பு அவ்வளவையும் வெளியேற்றப் பழகிவிடும். பிறகு திடீரென்று குடிப்பதை நிறுத்துவார்கள். உடம்புக்குத் தகவல் உடனே போய்ச் சேராது, அது பாட்டுக்குச் சிறுநீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசி இரவு எப்சம் உப்பு கரைத்த சுடுதண்ணீர்த் தொட்டி. கழுத்துவரை முங்கிக் கிடந்து, எழுந்ததும் துண்டுகளால் சுற்றிப் படுக்க வைத்து வேர்க்க விடுவார்கள். மறுபடி தொட்டி. இப்படி ஓர் இரவில் நாலைந்து கிலோ இறங்குவதுண்டு. எடை பார்த்து முடித்ததும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, சோறும் பழமுமாக ஏற்றிக்கொள்வார்கள். ஒரேயடியாகக் குடித்தால் வயிறு ஏற்காது, வாந்தியாகும்.

இதில் தவறு நடந்தால் சின்னத் தவறாக நடக்காது. சிறுநீரகம் திணறும், தசை பிடித்துக்கொள்ளும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். ரஷ்யாவின் லைட்வெயிட் வீரர் கபீப் நூர்மகமேதோவ் 2017 மார்ச்சில் எடை குறைக்கும்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது, சண்டை ரத்து. அதற்கு முன் 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற இளம் சீன வீரர் இறந்தே போனார். அவர் சண்டை போட இருந்த ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு அதன் பிறகு விதியை மாற்றியது. எடையோடு உடம்பில் நீர்ச்சத்தும் சோதிக்கப்படும், வற்ற வைத்து இறங்கினால் ஏற்கமாட்டார்கள். அதனால் பிரிவுகளையும் மேலே தள்ளினார்கள். அங்கே ஃப்ளைவெயிட் என்றால் 135 பவுண்டு. இந்த 135ஐ மறக்காதீர்கள், திரும்ப வருவேன்.

எடை நிஜமாகவே என்ன செய்யும் என்பதற்கு 2021 மார்ச்சில் நடந்ததைச் சொல்லலாம். மிடில்வெயிட் சாம்பியன் இஸ்ரேல் அடெசான்யா ஒரு படி மேலே போய் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் யான் ப்ளாஹோவிச்சோடு மோதினார். வரம்பு 205. அடெசான்யா ஏறியது 200.5இல், கையில் பீட்சா டப்பாவோடு! குறைக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. ப்ளாஹோவிச் குறைத்து 205க்கு வந்து, மறுநாள் ஊதிக்கொண்டு வந்தவர். மூன்று சுற்றுவரை போட்டி சமமாகத்தான் இருந்தது. நாலாவதிலும் ஐந்தாவதிலும் ப்ளாஹோவிச் தரையில் தள்ளி மேலே படுத்துக்கொண்டார், ஜெயித்தார். அப்போது கீழே இருப்பவருக்கு வித்தை குறைவதில்லை. மூச்சு குறைகிறது.

சரி, யார் பெரியவர்? என் கட்சியை மறைக்கவில்லை: டெமெட்ரியஸ் ஜான்சன். யு.எஃப்.சி.யின் முன்னாள் ஃப்ளைவெயிட் சாம்பியன், 160 சென்டிமீட்டர் உயரம், 125 பவுண்டு. ஹெவிவெயிட் ரசிகர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். கனமானவர்கள் சண்டையில் ஒரு குத்து பட்டால் கதை முடிந்தது. அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த ஒரு குத்து பத்துத் தவறை மூடி மறைத்துவிடும். காலடி வைப்பது தப்பு, தலை நிற்கும் இடம் தப்பு, மூச்சு வாங்குகிறது, பரவாயில்லை, குத்து விழுந்துவிட்டது. சிறிய பிரிவில் அந்த அதிர்ஷ்டம் குறைவு. அங்கே ஒரு வேலை முடிந்த இடத்தில் அடுத்த வேலை தொடங்கியிருக்க வேண்டும். குத்திலிருந்து பிடி, பிடியிலிருந்து தள்ளு, தள்ளிலிருந்து பூட்டு, இடைவெளி இல்லாமல்.

2016 ஏப்ரலில் ஹென்றி செஹுடோவோடு ஜான்சன் மோதினார். செஹுடோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மல்யுத்தத் தங்கம். அந்த ஆளைக் கட்டிப்பிடித்த நிலையிலேயே, அதாவது மல்யுத்தக்காரனின் சொந்த வீட்டில், வயிற்றில் முழங்காலால் இடித்து முதல் சுற்றிலேயே முடித்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அதைவிட 2017 அக்டோபர் 7. எதிரில் ரே போர்க். ஐந்தாவது சுற்று, ஜான்சன் நாலையும் ஜெயித்தாயிற்று, சும்மா சுற்றிவந்தாலே பட்டம் அவருக்குத்தான். பின்னாலிருந்து போர்க்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அரிசி மூட்டையைப் பின்னாலிருந்து அணைத்துத் தூக்குவதுபோல் மேலே தூக்கினார். இதுவரைக்கும் நடந்தது எந்த மல்யுத்த வீரரும் செய்வதுதான். இப்போது கவனியுங்கள்: போர்க் இன்னும் அந்தரத்தில். இருவர் முதுகும் தரையைத் தொடவில்லை. அந்த நேரத்தில் ஜான்சன் இடுப்புப் பிடியை விட்டுவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். விழும்போதே கை மாட்டிவிட்டது. தரையில் விழுந்ததும் காலைக் குறுக்கே போட்டு முழங்கையை எதிர்ப்பக்கமாக நீட்டினார். போர்க் தட்டிவிட்டார். 3 நிமிடம் 15 விநாடி. ஒருவனைத் தூக்கியெறிய எடுக்கும் பொழுதில், விழுந்தபின் அவன் கை எங்கே இருக்கும் என்பதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். தூக்கி எறிவது தெரிந்தவர்கள் நிறைய. கைப்பூட்டு தெரிந்தவர்கள் அதைவிட நிறைய. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த அரை விநாடியைச் சொந்தமாக்கிக்கொண்டவர் வேறு யார்?

அது அவருடைய பதினோராவது தொடர் பட்டப் பாதுகாப்பு. மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஆண்டர்சன் சில்வாவின் பத்து என்ற சாதனை அன்று போனது. இந்தப் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யு.எஃப்.சி.யில் அந்தப் பிரிவே 2012இல்தான் தொடங்கியது, ஆட்கள் குறைவு என்பது நியாயமான மறுப்பு. ஹெவிவெயிட்டில் முதன்முதலாக ஒருவர் மூன்றாவது முறை தொடர்ந்து பட்டத்தைக் காத்ததே 2018 ஜனவரியில்தான், ஸ்டீபே மியோசிச். அங்கே எல்லாரும் மட்டம் என்று அர்த்தமா? ஒரு குத்து எப்போது வேண்டுமானாலும் விழும் என்று அர்த்தம். எண்ணிக்கையைப் பிரிவு தாண்டி ஒப்பிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

அந்த 135க்கு வருகிறேன். ஜான்சன் முன்பு அதே 135இல் டொமினிக் குரூஸிடம் 2011இல் தோற்றவர். 2018இல் செஹுடோவிடம் நடுவர் ஓட்டு பிளந்து பட்டத்தை இழந்தார். ஒன் சாம்பியன்ஷிப்புக்குப் போனார். அங்கே 135இல், தன்னைவிடப் பெரிய அட்ரியானோ மொராயெஸ் 2021இல் அவரை முழங்காலால் சாய்த்தார். 2022 ஆகஸ்ட்டில் அதே மொராயெஸை, அதே முழங்காலால், பாய்ந்து இடித்துச் சாய்த்துப் பட்டம் வாங்கினார் ஜான்சன். வயது 36. வற்ற வைத்து இறங்க முடியாத இடத்தில், பெரிய ஆளிடம். எடைக்கு எடை என்ற கற்பனைச் சண்டைக்கு இதைவிட நெருங்கிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்களையும் பார்க்க வேண்டும். ஜான் ஜோன்ஸ். 2011இல் 23 வயதில் லைட் ஹெவிவெயிட் பட்டம், எட்டு முறை தொடர்ந்து காத்தவர், 2023 மார்ச்சில் ஹெவிவெயிட்டில் சிரில் கானைக் கழுத்தைப் பிடித்து இரண்டே நிமிடத்தில் முடித்தவர். அவருடைய ஒரே தோல்வியும் 2009இல் மேலிருந்து செங்குத்தாக முழங்கையை இறக்கியதற்காகத் தகுதி நீக்கம். அந்த விதியையே 2024 நவம்பரில் எடுத்துவிட்டார்கள்! ஆனால் 2017இல் டேனியல் கார்மியரை வீழ்த்தியது ஊக்கமருந்துச் சோதனையால் செல்லாமல் போனது. எடையை நூறு கிராம்வரை நிறுத்துப் பார்க்கும் விளையாட்டில் மருந்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விட முடியுமா? என் கணக்கில் ஜோன்ஸ் அங்கேயே இறங்கிவிடுகிறார்.

இறங்காதவர் ஜார்ஜ் செயின்ட் பியர். கனடாக்காரர், கராத்தேயில் தொடங்கியவர். பிறவி மல்யுத்த வீரர்களையே மல்யுத்தத்தில் கீழே தள்ளியவர். 2010 டிசம்பரில் மாண்ட்ரியலில் ஜாஷ் காஸ்செக்கை ஐந்து சுற்றும் இடதுகைக் குத்து ஒன்றாலேயே அடித்து, வலது கண்ணை மூட வைத்தார். கண்குழி எலும்பு முறிந்தது. வாழ்க்கையில் தோற்றது இரண்டு முறை, இருவரையும் திரும்பச் சந்தித்து வென்றார். நாலு ஆண்டு ஓய்வுக்குப் பிறகு 2017 நவம்பரில் மிடில்வெயிட்டில் மைக்கேல் பிஸ்பிங்கின் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாதனைப் பட்டியல்தான் அளவுகோல் என்றால் இவருக்கு முன்னால் ஜான்சனையே நான் விட்டுக்கொடுப்பேன். கூண்டுக்குள் யார் கை தேர்ந்தவர் என்று கேட்டால் விடமாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். கபீப்பைப் பற்றி ஒரே வரி: 29 சண்டை, தோல்வி இல்லை, ஆனால் பட்டத்தைக் காத்தது மூன்று முறைதான், வேறு எடைக்குப் போகவும் இல்லை. பெண்களில் அமாண்டா நூனஸுக்குத் தனி உரையே வேண்டும். 135இல் சாம்பியனாக இருந்துகொண்டு 2018 டிசம்பரில் 145க்கு ஏறி, எல்லாரும் நடுங்கிய கிறிஸ் சைபோர்கை 51 விநாடியில் வீழ்த்தியவர். ரஷ்யாவின் ஃபெடோர் எமிலியானென்கோவை மட்டும் விட்டுவிட்டால் அவருடைய ரசிகர்கள் நிலையத்துக்கே கடிதம் போடுவார்கள். ஏறத்தாழ 105 கிலோதான், ஹெவிவெயிட்டில் அது ஒல்லி. 2007 டிசம்பர் 31இல் 218 சென்டிமீட்டர் உயரமுள்ள கொரியாவின் ஹாங் மான் சோயை, கீழே கிடந்தபடியே கைப்பூட்டுப் போட்டு, இரண்டு நிமிடத்துக்குள்... சரி, ஒரு விரல் காட்டிவிட்டார்கள். வணக்கம்.