சும்மா இருக்கும் கை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேர் வாயில் நுழையவில்லை என்றால் விடுங்கள். பக்கவாதம் வந்தவர் தானே சாப்பிட, தானே குளிக்க, தானே உடுத்த மறுபடி பழக்குவதுதான் என் வேலை.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கால் ஓரளவு வந்துவிட்டது, நடந்தே உள்ளே வந்தார். இடது கை மட்டும் மடியில் கிடந்தது. இடுப்புச் சாரத்தை, அதாவது கைலியை, மனைவி சரிசெய்தார், முகத்தைத் துடைத்துவிட்டார். நான் கேட்ட கேள்விக்குக்கூட மனைவியே பதில் சொன்னார். "இந்தக் கை இனி ஆகாது மக்ளே" என்றார் அண்ணாச்சி.

கால் வந்தும் கை வராதது ஏன் என்று பலரும் கேட்பார்கள். மூளையில் கைக்கும் முகத்துக்குமான பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில்தான் அடைப்பு அதிகம் விழுகிறது. தவிர, கால் கொஞ்சம் விறைத்திருந்தாலும் ஊன்றி நடந்துவிடலாம். சட்டைப் பொத்தான் போட அது போதாதே.

இன்னொரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. முதல் சில வாரம் அந்தக் கையை அசைத்துப் பார்ப்பார், வராது. நல்ல கை எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வீட்டார் செய்வார்கள். பிறகு கையில் கொஞ்சம் உயிர் திரும்பினாலும் அதைக் கேட்க ஆளில்லை. பயன்படுத்தாமலே பழகிப்போன கை அது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் குரங்குகளிடம் முதலில் கவனித்தார். நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே தினமும் மணிக்கணக்கில் வேலை வாங்கும் சிகிச்சை அதிலிருந்து வந்தது. 222 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளியானது, பலனும் தெரிந்தது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிரும் கைக்குத்தான் இது. வீட்டில் நீங்களாகக் கையைக் கட்டிப் போடாதீர்கள், விழுந்துவைப்பார்.

அன்று அண்ணாச்சியிடம் ஒரு மட்டிப்பழம் கொடுத்தேன். இடது கை பிடிக்கட்டும், வலது கை தோலுரிக்கட்டும். பழம் இரண்டு தடவை மடியில் விழுந்தது. மனைவி எடுக்கக் குனிந்தார், நான் தடுத்தேன். மூன்றாவது தடவை கட்டைவிரல் பழத்தில் அழுந்தியது, பழம் கொஞ்சம் நசுங்கியது. நசுங்கினால் என்ன? ஒரு விரல் வேலைக்கு வந்துவிட்டதே!

பந்தை நூறு தடவை அமுக்குவதைவிட, அர்த்தமுள்ள ஒரு வேலையை நூறு தடவை செய்வதைத்தான் நான் கேட்பேன். மேசையில் துண்டை விரித்து, பலவீனமான கைமேல் நல்ல கையை வைத்துத் துடையுங்கள். பூக்கட்டத் தெரிந்த தோவாளைக்காரர் என்றால் நார் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வைத்தும் பழக்குவோம். நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் பார்க்கும்போது மற்ற கையே அசைவதுபோல மூளைக்குத் தோன்றும். கையிழந்தவர்களின் வலிக்காக 1990களில் இந்த வழியைக் கொண்டுவந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன்தான்.

செய்யக்கூடாததும் உண்டு. தூக்கி உட்காரவைக்கக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் இறங்கிவிடும். அந்த வலி வந்துவிட்டால் பயிற்சியே நின்றுபோகும். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், ஆகவே வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

புறா ரத்தம் தடவுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை, பாவம் புறா. எண்ணெய் தேய்த்துவிடும் உழிச்சல் வேறு. நம் குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்மார்மேல் நமக்கு உள்ள மதிப்பு எனக்குத் தெரியும், உடம்புக்கு அது இதமாகவும் இருக்கலாம். ஆனால் இன்னொருவர் கையைத் தேய்த்துவிடும்போது நோயாளியின் மூளை சும்மா இருக்கிறது. தோள் இறங்கியிருந்தால் முரட்டுப் பிடியும் வேண்டாம்.

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகு கதவு சாத்திவிடுவதில்லை, நடைதான் மெதுவாகும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை வரை வர முடியாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

எல்லாக் கையும் பழையபடி ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். அண்ணாச்சி பால்வெட்டுக்குத் திரும்பவில்லை, கத்தி பிடிக்க அந்தக் கைக்கு இன்னும் திடமில்லை. காலையில் தோட்டத்துக்குப் போகிறார். சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுக்கிறார். பிய்ப்பது வலது கை. சிரட்டையைப் பிடித்துக்கொள்வது இடது.